காதறுந்த பொலிகிடா

கிடாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நூறு நாள் வேலை முடிந்து, வரும் வழியில் அறுத்த புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வீரம்மாள், பட்டிப் படலைத் திறந்ததும் அதைத்தான் பார்த்தாள். கட்டு அப்படியே கீழே விழுந்தது. கயிற்று முடிச்சில் வேப்பிலை செருகி, கிடாவின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. கிடாவுக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. விழுந்த கட்டில் வாயை வைத்து இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

"எவன் கட்னது இத?"

அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய்கூட எழுந்து உட்கார்ந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடந்த சவுரிராயன் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். சவுரிராயன் அவள் புருஷன். நல்ல மனுஷன், அண்ணன் எதிரில் மட்டும் வாய் திறக்கமாட்டான். அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருபத்தாறு வருஷமாக வீரம்மாளுக்குப் புரியவில்லை.

"அண்ணன் வந்திருந்தாரும்மே. பேரனுக்குக் காது குத்துறாங்க இல்ல, ஆடி மூணாம் ஞாயிறு? வாமுனிக்கு இதுதான்னு சொல்லிக் கட்டிட்டுப் போனாரு."

"நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"தண்ணி கேட்டாரு. மோந்து குடுத்தேன்."

வீரம்மாள் கயிற்றைப் பிடித்தாள். அந்த நிமிஷமே அறுத்து எறிந்திருப்பாள். ஆனால் சாமிக்கென்று கட்டிய கயிற்றைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். கெடார் ஊரில் அதை மீறியவர்கள் யாரும் கிடையாது.

வாமுனி, பச்சைவாழியம்மனுக்குக் காவல் நிற்கும் சாமி. சவுரிராயன் வகையறாவுக்குக் குலதெய்வம். ஒவ்வொரு ஆடியிலும் அவருக்கு ஒரு கிடா. அந்த வகையறாவில் ஆடு வைத்திருப்பது இந்த ஒரு வீடுதான் என்பதால் கிடாவும் இங்கிருந்துதான் போகும். ஆடி பிறக்கும் நேரத்தில், சவுரிராயனின் அண்ணன், வீரம்மாளுக்கு மூத்தார், நடராசன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பட்டிக்குள் நுழைவார். ஒவ்வொரு குட்டியாக முதுகை அமுக்குவார், தொடையைப் பிடித்துப் பார்ப்பார். இருப்பதிலேயே நீளமானது, கொழுத்தது, துள்ளுவது எதுவோ அதன் கழுத்தில் கயிறு ஏறும். அதற்கு அடுத்த நல்லது பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ செஞ்சி சந்தைக்குப் போகும். கடைசியில் எவனும் வாங்காத, வெட்டினாலும் கறி தேறாத ஒரு சோப்ளாங்கி மிஞ்சும். அதுதான் பொலிகிடா. அடுத்து அந்தப் பட்டியில் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் அதுதான் தகப்பன்.

ஊரே இப்படித்தான் செய்தது. "ஆடு சிறுத்துப்போச்சு" என்று புலம்பியதும் அதே ஊர்தான். தீனி சரியில்லை என்றார்கள், கடலை பறித்தபின் போடும் மருந்தடித்த மல்லாட்டைக் கொடி என்றார்கள், காலம் கெட்டுவிட்டது என்றார்கள். எல்லாம் சொன்னார்கள். குட்டிக்குத் தகப்பன் யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

வீரம்மாள் கேட்டதற்குக் காரணம் ஒரு பனங்கால். பட்டிக் கொட்டகையின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் அந்தப் பனைமரக் காலில், கயிறு ஏறிய கிடாவை வருஷாவருஷம் நிற்கவைத்து, முதுகு உயரத்துக்கு அரிவாள் முனையால் ஒரு கோடு போடுவாள். போகிற பிள்ளைக்கு ஒரு அடையாளம் இருக்கட்டுமே என்று விளையாட்டாக ஆரம்பித்ததுதான். பன்னிரண்டு வருஷத்தில் பன்னிரண்டு கோடு. ஒருநாள் சாணியை வாரிவிட்டு நிமிர்ந்தபோது, கோடுகள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்திருப்பது கண்ணில் பட்டது. முதல் கோடு அவள் தொடைக்கு இருந்தது. கடைசிக் கோடு முட்டிக்கு வந்துவிட்டது.

மகள் சங்கவி அதைப் பார்த்துவிட்டு, "இது செலக்‌ஷன்மா. ஆனா நீங்க பண்றது தலகீழ் செலக்‌ஷன்" என்றாள். சங்கவி திண்டிவனத்தில் விலங்கியல் படித்தவள். இப்போது விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். செலக்‌ஷன் என்றால் வீரம்மாளுக்குத் தெரிந்தது போலீஸ் செலக்‌ஷன்தான். அங்கேயும் ஆளை நிற்கவைத்து உயரம் பார்ப்பார்கள்.

"எந்த ஊரு போலீஸ் செலக்‌ஷன்லடி நெட்டையா இருக்கறவன எல்லாம் வெட்டிப் போட்டுட்டு, குட்டையனுக்கு வேல குடுக்கறாங்க?" என்று கேட்டாள்.

சங்கவி விழுந்து விழுந்து சிரித்தாள். வீரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு கிடாவையும் ஓடாமல் பிடித்துக் கொடுத்தது தன் கைதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

போன புரட்டாசியில் அதற்கு ஒரு வழி செய்தாள். அவள் தங்கச்சியைக் கொடுத்திருப்பது திருவெண்ணெய்நல்லூரில். தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கிடா வைத்திருந்தார். பெட்டை ஆடு பருவத்துக்கு வந்தால் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள்தான் நிற்கும். அதற்குள் கிடாவோடு சேர்க்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வைக்கோல் இறக்க வந்த குட்டியானை வண்டி காலியாகத் திரும்பப் போகிறது என்று தெரிந்ததும், கத்திக்கொண்டிருந்த பெட்டையைத் தூக்கி அதில் போட்டு, தானும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழி முழுக்க மழை. கிளம்பும்போது படலுக்குள்ளிருந்து சோப்ளாங்கி கத்தியதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மாசியில் அந்த ஆடு ஒரு பெட்டையும் ஒரு கிடாவுமாக இரண்டு குட்டி போட்டது. அந்தக் கிடாதான் இது. செவலை நிறம், முதுகோடு ஒரு கறுப்புப் பட்டை. ஐந்து மாசத்தில் தாய் உயரத்துக்கு வந்துவிட்டது. பனங்காலில் நிற்கவைத்தால் முதல் கோட்டுக்கும் மேலே நாலு விரற்கடை. தின்றது எல்லா ஆடும் தின்ற அதே காய்ந்த கொடிதான். இன்னும் மூன்று மாசம் போனால் பொலிக்கு நிற்கும். திருவெண்ணெய்நல்லூர்க் கிடாவையும் பக்ரீத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தங்கச்சி போனில் சொல்லியிருந்தாள். அந்த வழியில் கிடா என்று இனி இது ஒன்றுதான்.

அதன் கழுத்தில்தான் கயிறு.

மறுநாள் காலை, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த நடராசனின் வண்டியை வீரம்மாள் தெருவிலேயே மறித்தாள்.

"மாமா, கொஞ்சம் எறங்கி வாங்க. ஒண்ணு காட்டணும்."

பனங்காலின் முன்னால் நிறுத்திக் கோடுகளைக் காட்டினாள். "நீங்க ஓட்டிக்கினு போன கெடாங்க இது. மேல இருக்கறது மொத வருஷம். கீழ இருக்கறது போன வருஷம்."

நடராசன் பனங்காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "கால் மண்ணுல எறங்கியிருக்கும்மா. கரையான் மண்ணு."

"கால் எறங்கினா பழைய கோடும் கூடவே எறங்காதா? அப்ப புதுசுதான மேல நிக்கணும்?"

அது அவருக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. பிடிபட்டதும் முகம் மாறியது. "அப்ப தீனி பத்தல."

"இவனும் அதே தீனிதான் தின்னான். எங்க நிக்கறான் பாருங்க." கிடாவை இழுத்து வந்து காலோரம் நிறுத்தினாள். "நல்லத எல்லாம் வெட்டிட்டு, கழிசல அப்பனாக்கி உட்டிருக்கோம். அப்பறம் ஆடு சிறுத்துப்போச்சு, ஆடு சிறுத்துப்போச்சுன்னு அழுதா எப்பிடி? இந்த ஒரு வருஷம் இவன உட்டுருங்க மாமா. அடுத்த ஆடிக்கு இவன் குட்டிங்கள்ல ஒண்ண எடுத்துக்கங்க. கையெடுத்துக் கும்புட்டுக் கேக்கறேன்."

உண்மையிலேயே கும்பிட்டாள். கும்பிட்ட கையை அவர் பார்க்கவே இல்லை.

"கயிறு கட்டியாச்சு. கட்டன பிறவு அது உன் ஆடு இல்ல, சாமி ஆடு. கழிசல சாமிக்குக் குடுக்கச் சொல்றியா? நீ இன்னா மாட்டு டாக்டருக்குப் படிச்சிருக்கியா?" வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கொறை இருந்தாதான் சாமிக்கு ஆவாது. ஒத்தக் கண்ணு, ஒடஞ்ச கொம்பு, அறுந்த காது, நொண்டி, இப்பிடி எதுனா இருந்தா காட்டு, நானே அவுத்து உடுறேன். இல்ல இல்ல? போய் ஜல்தியா வேலையப் பாரு."

கொறை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வீரம்மாள் கேட்டது இது முதல் தடவை இல்லை.

வைகாசியில் சங்கவியைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்தார்கள். கேட்டு வந்தவள் நடராசனுடைய மச்சான் பெண்டாட்டி ருக்கு, அவள் மகனுக்கு. சங்கவிக்கு இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது. ஒன்பது வயதில், நடராசன் மாட்டுக்கொட்டகையில் சோளத்தட்டை வெட்டும் மிஷினில் போனது. மிஷினுக்கு மூடி இல்லை. மூடி போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும், போடவில்லை. அதற்காக வீரம்மாள் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ருக்கு காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, சங்கவியின் கையைப் பார்த்து, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. பொறக்கப்போற புள்ளைக்கும் இப்பிடி வந்துச்சின்னா இன்னா பண்றது?" என்று கேட்டாள். மிஷினின் சொந்தக்காரர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அது மிஷினில் போன விரல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீசையைத் தடவிக்கொண்டு, "கொறைன்னா கொறைதானே, யோசிப்பாங்க இல்ல" என்றார்.

அன்றைக்கு வீரம்மாள் பேசவில்லை. பெண்ணைப் பெற்றவள் வந்தவர்களிடம் சத்தம் போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்படி இருந்ததற்காக இன்றுவரை அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கவிக்கு லேப் லீவு. பல் துலக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தவள், அம்மா சாணைக்கல்லில் அரிவாளைத் தீட்டுவதைப் பார்த்து நின்றாள்.

"காலங்காத்தால இன்னாமா இது?"

"கெடா காத அறுக்கப்போறேன். கொறை இருந்தா சாமிக்கு ஆவாதாம். உங்க பெரிப்பா சொல்லிட்டாரு. வெச்சிக் குடுக்கறேன் ஒரு கொறைய."

சங்கவி பல் துலக்கிக்கொண்டே நின்றாள். வீரம்மாள் இன்னும் நாலு தரம் தீட்டினாள். பிறகு கை நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏண்டி, இத அறுத்தா, இதோட குட்டிங்களும் காதறுந்து பொறந்துடாதே?" என்று கேட்டாள்.

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. சங்கவி வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஒனக்கும் அந்தச் சந்தேகம் இருக்குதா?"

வீரம்மாள் அரிவாளின் பக்கம் குனிந்துகொண்டாள். பெற்ற மகளைப்பற்றி அப்படி ஒரு நினைப்பு தன் மனசின் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ருக்கு வாய்விட்டுக் கேட்டுவிட்டாள், தான் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அறுந்தது காதோட போயிடும்மா. குட்டிக்குப் போறது வேற எடத்துல, உள்ள இருக்குது. அங்க எந்த அருவாளும் போவாது" என்றாள் சங்கவி. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் வீரம்மாளைக் கொன்றது. "அருவாளக் கீழ போடு. சீழ் புடிச்சிக்கும். நான் பண்றேன்."

பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் புது பிளேடும் எடுத்து வந்தாள். வீரம்மாள் கிடாவை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். சங்கவி மூன்று விரல் இருந்த கையால் இடது காதை இழுத்துப் பிடித்து, வலது கையால் நுனியில் இரண்டு விரற்கடை அளவுக்கு ஒரே இழுப்பில் அறுத்தாள். கிடா கத்திய கத்தலில் பட்டி முழுக்கக் கத்தியது. ரத்தம் வீரம்மாளின் சேலையில் வழிந்தது. "என் ராசா, என்ன மன்னிச்சிருடா" என்று அழுதாள். அழும்போதும் மூத்தாரைத் திட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால் நடராசன் கிடாவை ஓட்டிப்போக வந்தார். காயம் அதற்குள் காய்ந்து கறுத்திருந்தது. காதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா இது?"

"கம்பி வேலில மாட்டிக்கினு கிழிச்சிக்கிச்சு" என்றாள் வீரம்மாள்.

"கம்பி இவ்ளோ நேராவா கிழிக்கும்? கத்திரிக்கோல் வெச்சி வெட்டன மாதிரி இருக்குது?"

"கம்பியத்தான் கேக்கணும் மாமா."

நடராசன் தம்பியைப் பார்த்தார். சவுரிராயன் தரையைப் பார்த்தான். சொன்ன வார்த்தையை நடராசனால் விழுங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்து, சுமாரான இன்னொரு கிடாவின் கழுத்தில் கட்டி இழுத்துப் போனார். வீரம்மாள் படலைச் சாத்தினாள். கிடா தப்பித்தது. ஆனால் பொய் சொல்லித்தான் தப்பிக்க வைக்க வேண்டியிருந்தது. தன் பட்டி, தன் ஆடு; அதற்குத் தான் எதற்குத் திருடி மாதிரி முழிக்க வேண்டும்?

ஆடி மூன்றாம் ஞாயிறு, கோயிலைச் சுற்றி வேன்களும் பைக்குகளுமாக நின்றன. மாற்றிக் கட்டிய கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. ஒரு குடத்துக்குச் சிலுப்பவில்லை. இரண்டாவது குடத்துக்கும் இல்லை. மூன்றாவது குடத்தைக் காதுக்குள் ஊற்றினார்கள், சிலுப்பியது. "உத்தரவு கெடச்சிருச்சு!" என்று நடராசன் கத்தினார். மூன்று குடம் ஊற்றினால் நாய்கூடத்தான் சிலுப்பும் என்று வீரம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்துக் காதுகுத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மூன்று வயதுப் பேரன், தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். பத்தர் முதல் காதைக் குத்திவிட்டு அடுத்த காதுக்கு நகர்ந்தார். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ருக்கு, எல்லோருக்கும் கேட்கும்படி வீரம்மாளிடம் ஆரம்பித்தாள்.

"சாமிக்கு உட்ட கெடா மூளியாயிடுச்சாமே? அத எதுக்கு இன்னும் வீட்ல வெச்சிக்கினு? அதுக்குப் பொறக்கறதெல்லாம் மூளியாத்தான் பொறக்கும். பட்டிக்கே ஆவாது."

சங்கவி அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ருக்கு அவளைப் பார்க்கவில்லை, பார்க்காமலே பார்த்தாள்.

நடராசன் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, "நானும் அதான் சொன்னேன். டேய் தம்பி, வர்ற வெள்ளிக்கிழம அந்த மூளிய செஞ்சி சந்தைக்கு ஓட்டிடு. அது பட்டில நிக்கக்கூடாது" என்றார். நாற்பது பேருக்கு நடுவில் சொன்னார். சவுரிராயன் வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனான்.

"நாந்தான் அறுத்தேன்" என்றாள் வீரம்மாள்.

உறுமி அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

"கம்பியும் இல்ல, முள்ளும் இல்ல. பிளேடு வெச்சி நாந்தான் அறுத்தேன். பன்னெண்டு வருஷமா நல்லது நல்லதா வாரிக் குடுத்துட்டு சோப்ளாங்கிய வெச்சி ஆடு வளத்தேன். இந்த ஒண்ண உடுங்கன்னு கும்புட்டுக் கேட்டேன், நீங்க என் கையப் பாக்கல. அதான் அறுத்தேன். பத்தரே, கொஞ்சம் இருங்க. அந்தப் புள்ள காதுல இப்ப இன்னா போட்டீங்க?"

பத்தர் ஊசியோடு திகைத்து நின்றார். "ஓட்டைதாம்மா."

"இவங்க அப்பனுக்கு யாரு போட்டது?"

"எங்க அப்பா."

"இந்த மாமாவுக்கு?"

"எங்க தாத்தா போட்டிருப்பாரு."

"அவங்க அப்பனுக்கு உங்க முப்பாட்டன். இதே வாசல்ல, இதே ஊசி. எத்தினி தலமொற குத்திக்கினு இருக்கீங்க? இந்த வகையறாவுல ஒரு புள்ள, ஒரே ஒரு புள்ள, காதுல ஓட்டையோட பொறந்துச்சா? பொறந்திருந்தா இங்க உங்களுக்கு இன்னா வேல?"

பத்தர் யோசித்துப் பார்த்தார். "அந்த மாதிரி ஒண்ணும் பொறக்கலம்மா" என்றார், தொழில் தெரிந்த மனுஷனின் நிதானத்தோடு. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குத்தன காது குத்தாமத்தான் பொறக்குது. அறுத்த காது மட்டும் அறுந்து பொறக்குமா?" வீரம்மாள் ருக்குவின் பக்கம் திரும்பினாள். "மிஷின்ல போன வெரலு வயித்துக்குள்ள போயி உக்காந்துக்குமா அண்ணி? அன்னிக்குக் கேட்டீங்களே, நான் வாயப் பொத்திக்கினு இருந்தேன். அது யாரு மிஷின்னு உங்களுக்குத் தெரியுமா? மூடி போடாத மிஷினு. அதுக்குச் சொந்தக்காரரு உங்க பக்கத்துலயே குந்திக்கினு, கொறைன்னா கொறைதான்னு சொன்னாரே, அவரக் கேளுங்க. கொறை என் பொண்ணு கையில இல்ல. என் கெடா காதுலயும் இல்ல."

ருக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நடராசனின் கை தன்னையறியாமல் தன் காதுமடலுக்குப் போனது. சின்ன வயதில் குத்தித் தூர்ந்துபோன ஓட்டை அங்கே இருந்தது. கை அங்கே போனதை ஊரே பார்க்கிறது என்று தெரிந்ததும் சட்டென்று இறக்கிக்கொண்டு கத்தினார்.

"டேய், உன் பொண்டாட்டிய அடக்குடா! நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணிக்கினு! நான் சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கிழம செஞ்சிக்கு ஓட்டு அத!"

சவுரிராயன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மகளின் கையைப் பார்த்தான். விரல் போன அன்று அவளை ரத்தம் சொட்டச் சொட்ட விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

"ஓட்டமாட்டேன்ணா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். இருபத்தாறு வருஷத்தில் வீரம்மாள் அவன் வாயிலிருந்து கேட்ட முதல் மாட்டேன் அதுதான். பத்தர், இனி காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை என்று இரண்டாவது காதையும் குத்திவிட்டார். பையன் வீறிட்டான்.

கறிச்சோறு சாப்பிடாமலே அவர்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். அதற்குப் பிறகு நடராசன் அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. ஐப்பசியில் காதறுந்த கிடா பொலிக்கு நின்றது. சோப்ளாங்கியை வீரம்மாள் செஞ்சிக்கு அனுப்பினாள். ஊரில் இரண்டு மூன்று பேர் வாய்க்குள் முனகிக்கொண்டே தங்கள் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களை அவள் திட்டிக்கொண்டே உள்ளே விட்டாள்.

கார்த்திகையில் திண்டிவனத்திலிருந்து ஒரு சேதி வந்தது: பையனுக்கு இன்னும் அமையவில்லை, ருக்கு மறுபடி வந்து பேசலாமா என்று கேட்கிறாளாம். வீரம்மாள் மகளிடம் கேட்டாள். சங்கவி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அவங்கள நான் எப்பவோ கழிச்சி உட்டுட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பங்குனியில் நான்கு ஆடுகள் ஏழு குட்டி போட்டன. பத்து நாள் கழித்து ஒரு காலை, நடராசன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு படலுக்கு வெளியே வந்து நின்றார். பேரன் ஆட்டுக்குட்டி பார்க்க வேண்டும் என்று அழுகிறானாம். வீரம்மாள் படலைத் திறந்தாள். பேரனை இறக்கிவிட்டு, அவர் ஒவ்வொரு குட்டியாகப் பிடித்தார். இந்தத் தடவை முதுகை அமுக்கவில்லை, தொடையைப் பிடிக்கவில்லை. காதைப் பிடித்தார். இடது காது, வலது காது, ஏழு குட்டிக்கும். பதினாலு காதும் நுனிவரை முழுசாக இருந்தன. தகப்பன் பட்டி மூலையில் நின்று, அறுந்த காதை விசிறிக்கொண்டு கொடி தின்றுகொண்டிருந்தது.

நடராசன் எழுந்து நின்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆனால் கண் மட்டும், குட்டிகளிலேயே நீளமான, செவலை நிறத்துக் கிடாக்குட்டிமேல் போய் நின்றது. கை மடிக்குள் போயிற்று. எடுத்தபோது மஞ்சள் கயிறு.

"வர்ற ஆடிக்கு இத..." என்று ஆரம்பித்தார்.

வீரம்மாளுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கயிற்றை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். குட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய், கடைசியாகப் பிறந்த, கால் கோணி நிற்கும், தாய்மடியைத் தேடிக்கொண்டிருந்த நோஞ்சானைத் தூக்கினாள். அதன் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, அவர் முன்னால் கொண்டுவந்து விட்டாள்.

"சாமிக்கு இது. இனிமே எல்லா வருஷமும் இது மாதிரிதான்."

நடராசனின் முகம் வெளிறியது. "ஏம்மா, சாமி கோச்சிக்கும்."

"கோச்சிக்கினா எங்கிட்ட வரச் சொல்லுங்க மாமா" என்றாள் வீரம்மாள். "பனங்காலக் காட்டறேன்."